கண்ணாடிக் கூண்டிலிருந்து வந்த அழைப்புகள்

ஏறாவூரில் யாராவது என்னிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கொதிகலனுக்கு வயிற்றுவலி வருகிறதா என்று இங்கிருந்தபடி பார்க்கிறேன் என்பேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் தன் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "கரண்ட் வேலதானே மகள், இதயும் ஒருக்காப் பாருங்க." பார்த்தேன். பிளக்கில் ஒரு வயர் கழன்றிருந்தது. அதைப் பூட்டிக் கொடுத்த நாளிலிருந்து எங்கள் தெருவில் எனக்குத் தனி மதிப்பு. கொதிகலனால் வராத பெயர் குக்கரால் வந்தது.

ஆனாலும் கொதிகலனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதில் எனக்குப் பெருமை. இருக்கிற பெருமையை மறைத்துவைத்துப் பணிவாகப் பேச எனக்கு வராது.

மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஏழு பேர். நாங்கள் ஆழ்கற்றல் மொடல் செய்கிறவர்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆயிரக்கணக்கான மணி நேரச் சத்தத்தையும் வெப்பநிலைகளையும் கணினிக்குக் கொடுத்து, இது நல்ல நேரம், இது பழுதான நேரம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் சொல்லிக்கொடுப்போம். எதைக் கவனித்துப் பிரிப்பது என்று சொல்ல மாட்டோம். அதை மொடல் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். நாங்கள் சொல்லும் பெயர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். பிழையாகச் சொன்னால் அந்தப் பிழையையும் அது ஒழுங்காகப் படித்துவைத்துக்கொள்ளும்.

முதலில் அரிசி ஆலைகளுக்குத்தான் வேலை செய்தோம். அரிசிக்குள் கல் எது, கறுத்த மணி எது என்று படத்தில் பிரிக்கும் வேலை. அதிலிருந்து அனல்மின் நிலையத்துக்குப் போனதற்குக் காரணம் என் கணவர்.

அவர் என் மாமி மகன். சின்ன வயதில் மச்சான் என்று கூப்பிட்டேன், இன்றைக்கும் மச்சான்தான். ஏழு வருடமாக வளைகுடாவில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்கும் ஒரு நிலையத்தில் கொதிகலன் இயக்குநர். வருடத்தில் ஒரு மாதம்தான் வீட்டில் இருப்பார். அப்படி ஒரு விடுமுறையில், கொதிகலன் குழாய்கள் ஓட்டை விழுவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தங்கள் நிலையம் வழி தேடுகிறது என்று சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். குழாயில் ஊசித் துளை விழுந்தால் அதிலிருந்து சீறும் நீராவி பக்கத்துக் குழாய்களைக் கத்தி மாதிரி வெட்டிவிடும். கவனிக்காமல் விட்டால் நிலையம் வாரக்கணக்கில் படுத்துவிடும். நான் சோற்றுக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, "அத நாங்க செய்யலாம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லுப் பொறுக்கிற ஆக்களா?" என்றார்.

அந்தக் கிண்டலுக்காகவே செய்து காட்டினேன். எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் வவுணதீவுக்காரர். நெல் வெட்டுக் காலம் வந்தால் மடிக்கணினியோடு வயல்வெளிக்கு, அவர் சொல்கிறபடி வட்டைக்கு, போய் வயல் காவல் குடிலில் இருந்து வேலை செய்யும் மனிதர். அவரும் நானும் சேர்ந்து திட்டத்தை எழுதி அனுப்பினோம். மூன்று மாதம் செய்து பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கே பராமரிப்புக்குத் தலைவர் ஒரு மிசிறி, அதாவது எகிப்துக்காரர். அவர் கூட்டத்தில், "இது பிழையாகச் சொன்னால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டிருக்கிறார்.  மச்சான் எழுந்து, "நான்" என்று சொல்லிவிட்டார்.

அதை அவர் என்னிடம் சொன்னபோது சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. இனிமேல் மொடல் தோற்றால் எங்கள் ஏழு பேரின் வேலை மட்டும் போகாது. அவர் அந்த இடத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

கொதிகலனின் சுவரைச் சுற்றிப் பதினாறு மைக்குகளைப் பொருத்தினார்கள். அவை பிடித்த சத்தமும், வேறு நிலையங்களில் ஓட்டை விழுந்தபோது எடுத்த பழைய பதிவுகளும், ஷிஃப்ட் பதிவேட்டின் படங்களும் எங்களுக்கு வந்து சேர்ந்தன. மொடலைப் பழக்கினோம். ஓடவிட்டோம். முதல் நாளே ஓட்டை என்று கத்தியது. மச்சானின் ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் கத்தியது. மூன்றாம் நாள் இரண்டு தரம் கத்தியது. ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானத்தில் என்று கண்ட கண்ட நேரத்தில் கத்தியது. இரண்டாவது கிழமை அங்கே யாரோ அந்த அலாரத்தின் வாயில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்கள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். மச்சான் அதைப் படம் பிடித்து அனுப்பி, "உங்கட மொடலுக்கு மருந்து போட்டிருக்கு" என்று எழுதியிருந்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க அவருக்குப் பதில் போடவும் இல்லை.

கொதிகலனில் ஓட்டைச் சத்தத்தைப் போலவே இன்னொரு சத்தம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எண்ணெய் எரியும்போது குழாய்களில் கரி படியும். ஷிஃப்டுக்கு ஒரு தடவை நீராவியை அடித்து அந்தக் கரியை ஊதித் தள்ளுவார்கள். ஊதும்போதும் நீராவிதான் சீறும், ஓட்டையிலும் நீராவிதான் சீறும். கரி ஊதுவதை இயக்கும் அந்த சுவிட்ச் பலகை மிகப் பழையது, எந்தக் கணினியோடும் இணைப்பில்லை. ஆகவே ஊதிய நேரத்தைப் பதிவேட்டில் கையால் எழுதுவார்கள். காலை ஷிஃப்டில் பத்து மணி, மாலை ஷிஃப்டில் ஆறு மணி, இரவு ஷிஃப்டில் இரண்டு மணி. எவ்வளவு ஒழுங்கான மனிதர்கள் என்று வியந்தபடி, அந்த நேரங்களுக்கெல்லாம் 'கரி ஊதுதல்' என்று பெயர் வைத்து மொடலுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அப்படியும் அது கத்தியது. மொடலை ஆழமாக்கினோம், அகலமாக்கினோம், இன்னும் அதிக தரவைக் கொடுத்தோம். பொறுப்பாளர் கேபிளைச் சந்தேகப்பட்டார். நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கோபத்தில் ஒரு நாள் ஏறாவூர் பஸ் என்று நினைத்து எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, கல்லடிப் பாலத்தில் வாவியைப் பார்த்த பிறகுதான் தெளிந்தேன்.

இங்கே என் வீட்டுக் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். மச்சான் வேலை நேரத்தில் நாளுக்கு ஒரு தடவை எனக்கு அழைப்பார். ஏழு வருடமும் அப்படித்தான். எடுத்த உடனே, "மெஷின் ஓடுது, பாத்துட்டுச் சும்மா நிக்கிறன், அதான் எடுத்த" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா நிற்கிற நேரத்தை நிரப்பத்தான் மனைவியா? அவருடைய குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். நாற்பது நிமிடம் போனதும், "சரி புள்ள, முடிஞ்சிது" என்று வைத்துவிடுவார். என்ன முடிந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சண்டை வரும் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

நேரடி இணைப்பு கிடைத்த வாரத்தில் ஒரு புதன்கிழமை பின்நேரம். அதுவரை மொடல் என்ன சொன்னது என்பதை மறுநாள் அறிக்கையில்தான் பார்த்துவந்தோம். இப்போது அங்கே நடப்பதை இங்கே திரையில் அப்போதே பார்க்கலாம். கோடு பச்சையாகத் தரையில் படுத்திருந்தது. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கைபேசி அடித்தது. வழக்கமாக எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் பேசுகிறவள், அன்று சோம்பல்பட்டு மேசையிலிருந்தே எடுத்தேன். "மெஷின் ஓடுது" என்று அவர் தொடங்கினார். பின்னால் இரைச்சல். முன்னால் திரையில் கோடு நிமிர்ந்து எழுந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"மச்சான், எந்த மெஷின் ஓடுது?"

"என்ன புள்ள கேக்கிற நீங்க? கரி ஊதுறம். அது முடியுமட்டும் இந்தப் பலகைக்குப் பக்கத்துல கண்ணாடிக் கூண்டுக்குள்ள நிக்கோணும். வேற வேல செய்யேலா."

"அங்க இப்ப எத்தின மணி?"

"ஒண்டரையாகப் போகுது."

"லொக் புக்கில எத்தின மணியெண்டு எழுதுவீங்க?"

"பத்து மணி."

 "ஏன் பத்து மணி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது எப்பவும் பத்து மணிதான். நாங்க வாறத்துக்கு முன்னமே அப்படித்தான் எழுதுவாங்களாம். வேற நேரம் எழுதினா, ஏன் பிந்தின எண்டு மிசிறி கேப்பார். மின்சாரத் தேவ கூடுற நேரத்துல ஊதேலாதே, வசதி பாத்துத்தான் ஊதுறது. ஊதுற சத்தத்த உங்கட மொடல் கழிச்சிடுமெண்டுதானே நினைச்சம். அதுக்கு இப்ப என்ன?"

அதற்கு என்ன என்பதை நான் அவருக்குச் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது. கீழே புடவைக் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேலே நிமிர்ந்து பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மாதக் கணக்கில் நாங்கள் மொடலுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? ஒரு சத்தமும் இல்லாத பத்து மணியைக் காட்டி, இதுதான் கரி ஊதும் சத்தம் என்றோம். உண்மையில் ஊதியபோது அது என்னவென்று தெரியாமல் கத்தியது. அதன் மேல் ஒரு பிழையும் இல்லை. அந்த அப்பாவியின் வாயில்தான் பிளாஸ்டர் ஒட்டினார்கள்.

கோபம் ஆறியபோது வெட்கம் வந்தது. ஏழு வருடமாக அந்த இரைச்சலைக் காதில் வாங்கியவள் நான். சத்தத்தைப் பிரித்தறியும் மொடல் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்பவள் நான். அது என்ன சத்தம் என்று ஒரு நாளாவது கேட்டேனா? அவர் எழுதிய பத்து மணியில் இருந்த பிழையை விட இது பெரிது.

பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட வட்டையிலயும் இதுதான் தங்கச்சி. தண்ணிக்குப் பொறுப்பானவர் எழுதிற நேரம் ஒண்டு, வாய்க்காலுக்குத் தண்ணி வாற நேரம் வேற ஒண்டு. நமக்கு இது தெரியாமப் போச்சே!" சிரிப்பு நின்றதும் முகம் இறுகியது. "சரி, உண்மையான நேரம் ஆரிட்ட இருக்கு?"

என் கையில்தான் இருந்தது. கைபேசியில் அவருடைய அழைப்புகளின் பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வேலை நாளும் ஒரு அழைப்பு, தொடங்கிய நேரமும் நீளமும் சேர்த்து. அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் அங்கத்தைய நேரம். அதை மைக்குகளின் பதிவோடு வைத்துப் பார்த்தோம். சீறல் தொடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் என் கைபேசி அடித்திருக்கிறது. ஒரு நாள் கூடத் தப்பவில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போன நாளிலும் அழைத்திருக்கிறார். நான் பேச மாட்டேன் என்று அடம்பிடித்து எடுக்காமல் விட்ட நாட்களில் கூட, எடுக்கப்படாத அழைப்பாக அது அங்கே இருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்தபடி அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் கண் கலங்கினேன்.  யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆனால் அது மச்சானின் ஷிஃப்டுகளுக்கு மட்டும்தானே. மற்ற ஷிஃப்டுகளுக்கு என்ன செய்வது? அன்று மாலை அவரே அழைத்தார். நான் சத்தம் போட்டதற்குப் பிறகு குரல் கொஞ்சம் பதுங்கியே வந்தது.

"புள்ள, ஒரு விசயம். கூண்டுக்குள்ள நிக்கிற நேரத்துல நான் மட்டும் இல்ல, எல்லாரும் வீட்டுக்குத்தான் எடுக்கிற. கேரளாக்காரரும் அப்படித்தான், நேபாளக்காரரும் அப்படித்தான். வேற நேரம் எங்களுக்கு ஏது?"

இப்படித்தான் மூன்று நாட்டு மனைவிமாரின் கைபேசிகளிலிருந்து எங்களுக்குத் தரவு வந்தது. பேச்சு ஒன்றும் வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டோம். கேரளத்துப் பெண் ஒரே நாளில் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பி, தன் கணவர் எந்தெந்த நாளில் அழைக்கத் தவறினார் என்ற பட்டியலையும் கேட்காமலே சேர்த்திருந்தார். நேபாளத்துப் பெண்ணின் நேரங்களில் நான் சறுக்கினேன். அவர்களுடைய மணிக்கூடு நம்முடையதை விடக் கால் மணி முன்னால் ஓடுவதைக் கவனிக்கவில்லை. இரண்டு நாள் அந்த நேரங்கள் மைக்குகளின் சீறலோடு பொருந்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற பிறகுதான் புத்தி வந்தது. ஒரே ஒரு இயக்குநர் மட்டும் தன் அழைப்புகளைத் தர முடியாது என்றுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மச்சானும் சொல்லவில்லை.

புதிய பெயர்களோடு மொடலை முதலிலிருந்து பழக்கினோம். ஓடவிட்டோம். ஒரு நாள் அமைதி. இரண்டாம் நாளும் அமைதி. கரி ஊதும்போது கோடு கொஞ்சம் அசைந்து, இது கரி என்று தானே சொல்லிப் படுத்துக்கொண்டது. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன்.

ஆனால் மிசிறி இதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை. கத்துகிற மொடல் இப்போது ஊமையாகிவிட்டது, அவ்வளவுதான் என்றாராம். மாத முடிவோடு மைக்குகளைக் கழற்றப் போவதாகவும் சொல்லிவிட்டார். பிளாஸ்டர் இன்னும் அலாரத்தின் வாயில்தான் இருந்தது.

மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு காலையில், பதினொரு மணி தாண்டியதும் கோடு எழுந்தது. அசைவல்ல, எழுச்சி. சிவப்பு. ஒன்பதாவது, பத்தாவது மைக்குகள். கரி அல்ல, ஓட்டை என்று மொடல் சொன்னது. நான் முதலில் பார்த்தது கைபேசியைத்தான். அது பேசாமல் கிடந்தது.

அவர் வேலையில் இருக்கும்போது நான் ஒரு நாளும் அழைத்ததில்லை. அன்று அழைத்தேன். எடுத்தார். குரலுக்குப் பின்னால் இரைச்சல் இல்லை. 

"கரி ஊதுறீங்களா மச்சான்?"

"இல்ல புள்ள. இண்டைக்கு இன்னும் தொடங்கல்ல."

"அப்ப ஓட்டை. ஒன்பதும் பத்தும். பின்பக்கம்."

 அவர் யாரிடமோ மீட்டர் அளவைக் கேட்பது காதில் விழுந்தது. கொதிகலனுக்கு மேலதிகமாக ஊற்றும் தண்ணீர் கொஞ்சம், மிகக் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் எல்லைக்குள்தான் இருக்கிறது என்றார். பக்கத்தில் மிசிறியின் குரல் உயர்ந்தது. எல்லைக்குள் இருக்கிறது, விடு, பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் போலிருந்தது. மச்சானுக்கு அவரோடு வாதாடிப் பழக்கமில்லை. அவர் வேறொன்று செய்தார்.

"புள்ள, நான் லொக் புக்கில எழுதப் போறன்" என்றார். "இங்கத்தய நேரம் எட்டு அம்பத்திரண்டு. குழாய் ஓட்டை எண்டு சந்தேகம். என்ட கையெழுத்து."

அங்கே பதிவேட்டில் வந்துவிட்டால் எவராலும் விட்டுவிட முடியாது. எழுத்தில் இருப்பதற்கு மேலிடம் வரை பதில் சொல்ல வேண்டும். பத்து மணி என்ற பொய்யைக் காப்பாற்றி வைத்திருந்த அதே மரியாதை இப்போது அந்த எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கிடைத்தது. மேலிடம் உற்பத்தியைக் குறைத்து, நிலையத்தை ஒழுங்காக நிறுத்திக் கொதிகலனைத் திறந்து பார்க்கச் சொன்னது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால், ஒரு முழு நிலையத்தைச் சும்மா நிறுத்தியவர் என்ற பெயர் அவருக்கு. அந்தக் கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

நிறுத்துவதற்கும் ஆறவிடுவதற்கும் இரண்டு நாள் பிடித்தது. கொதிகலன் ஓடவில்லை, கரி ஊதுவதும் இல்லை. ஆகவே அழைப்பும் இல்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு வேலை நாளும் கைபேசி அடிக்கவில்லை. வீட்டில் என் உம்மா சோற்றை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. நான் மடிக்கணினித் திரையைப் பார்த்தேன். திரையில் கோடே இல்லை. மொடலை நான் நம்பினேன் என்று இப்போது சொல்வது சுலபம். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளும் என் மேலேயே எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு எழும்பியபோது கைபேசியில் ஒரு படம் வந்திருந்தது. கருத்த குழாய் ஒன்றில் கடுகளவு துளை. பக்கத்துக் குழாயில் நீராவி பட்டுத் தேய்ந்த பளபளப்பு. இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் அதுவும் போயிருக்கும். படத்துக்குக் கீழே மச்சான் ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருந்தார்: "கல்லு."

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. உம்மா ஓடி வந்தா. படத்தைக் காட்டினேன். "இது என்னத்துக்கு இவ்வளவு சந்தோசம், ஓட்டக் குழாய்தானே?" என்றா. அந்த ஓட்டைக் குழாய்ப் படத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்களுக்கு நான்தான் விளக்கம் சொல்வேன். ஏறாவூர்ப் பெண் ஒருத்தி, வவுணதீவு விவசாயி மகன் ஒருவர், இன்னும் ஐந்து பேர், கடல் தாண்டி ஒரு கடுகைக் கண்டுபிடித்தோம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். சலிக்காது.

மிசிறி பாராட்டிப் பேசவில்லையாம். அலாரத்தின் வாயிலிருந்த பிளாஸ்டரைத் தன் கையால் உரித்துக் குப்பையில் போட்டாராம். ஒப்பந்தம் தொடர்ந்தது. அதோடு இன்னொன்றும் செய்தார். அந்தப் பழைய கரி ஊதும் பலகைக்கு ஒரு கேபிள் இழுத்துக் கணினியோடு இணைத்துவிட்டார். இப்போது ஊதத் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தானாகவே எங்களுக்கு வருகின்றன. எவரும் பத்து மணி என்று எழுத வேண்டியதில்லை.

அந்த இணைப்பு வந்த மறுநாள் மச்சான் அழைத்தார். கூண்டுக்குள் நின்றார், பின்னால் இரைச்சல்.

"இனி உங்கட ஃபோன் கோல் எங்களுக்குத் தேவையில்ல மச்சான்" என்றேன். "நேரமெல்லாம் கேபிள்ல வருது."

 அவர் வழக்கமான நாற்பது நிமிடத்துக்குக் காத்திராமல் அப்போதே வைத்துவிட்டார். முகம் சுருங்கிப்போயிற்றோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்றே மாலை வாவிப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிளம்பும்போது கைபேசி மறுபடியும் அடித்தது. பழக்கத்தில் திரையைத் திரும்பிப் பார்த்தேன். கோடு பச்சையாகத் தரையில் படுத்திருந்தது. அங்கே கரி ஊதவில்லை, ஓட்டையும் இல்லை. கைபேசியை எடுத்தேன். அவருடைய குரல் தெளிவாக, இரைச்சல் இல்லாமல் வந்தது.

"என்ன மச்சான், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கல்ல" என்றார். "ஷிஃப்டு முடிஞ்சி அறைக்கு வந்துட்டன். தேவையில்லையெண்டு சொன்ன நீங்கதானே. அதான் தேவையில்லாம எடுத்த."